‘பத்திரமா வெச்சிருந்தாங்க’ என்று ஏன் எழுதினீர்கள்?

திருச்சியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், தொழில், சில ஆண்டுகள் எல்லாவற்றையும் லேசாக மாற்றித்தான் இங்கே சுருக்குகிறேன்.

அவருடைய பாட்டி 1950களில் சென்னையில் ஒரு பெரிய கதாநாயகிக்கு ஹேர் டிரஸ்ஸர். அந்த நடிகை செட்டுக்குள் நுழைந்தால் லைட்பாய்கள்கூட ஒரு நிமிஷம் வேலையை விட்டுப் பார்ப்பார்களாம், பாட்டி சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 1961-இல் அவர் சொந்தமாக எடுத்த படம் விழுந்தது. வீடு ஏலத்துக்குப் போகிற நிலை. பாட்டிக்கு எட்டு மாதச் சம்பள பாக்கி. ஒரு நாள் சாயங்காலம் நடிகை தன் கழுத்தில் கிடந்த கெம்பு அட்டிகையைக் கழற்றி, "இதை நீ வெச்சுக்கோ" என்று பாட்டி கையில் கொடுத்துவிட்டார். தனக்கே தன் பாட்டி வழியாக வந்த நகை என்றும் சொன்னாராம். 1979-இல் மகள் கல்யாணத்தில் பாட்டி அதை மகளுக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு அது அம்மாவின் பீரோவில்தான். 1992-இல் மாமா லேத் பட்டறை வைக்க அதை அம்மாவிடம் வாங்கிப்போய் அடகு வைத்தார், இரண்டரை வருஷம் கழித்து மீட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி 2004-இல் போனார், அப்பா 2015-இல், அம்மா 2022-இல். உயில் என்று யாரும் எழுதவில்லை. வாசகிக்கு ஷார்ஜாவில் ஒரு தம்பி.

பிரச்சினை இந்த வருஷம் ஆரம்பித்தது. நடிகை அட்டிகையோடு இருக்கும் பழைய ஸ்டில் ஒன்றையும், அம்மாவின் கல்யாணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதை முழுவதையும் முகநூலில் எழுதியிருக்கிறார். சம்பளம் கொடுக்க முடியாமல் நகையைக் கழற்றிக் கொடுத்தது உட்பட. இரண்டாம் நாள் நடிகையின் மகன் மெசஞ்சரில் வந்தார். நம்மவர் நெகிழ்ந்துபோய், "உங்க அம்மாவோட நகையை எங்க பாட்டி உயிர் மாதிரி பத்திரமா வெச்சிருந்தாங்க சார்" என்று பதில் போட்டார். மறுநாள் அவரிடமிருந்து ஒரே வரி: "அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

விஷயம் பரவியதும் மாமா பாதி கேட்கிறார். சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பா பையன், "போட்டுக்கிட்டு ஃப்ளைட் ஏறி வந்துடுங்க அக்கா, இங்கே ஏலத்தில் கோடிக்குப் போகும்" என்கிறான். நகைக்கடைக்காரரோ எடை போட்டு, கல்லும் அரக்கும் கழித்தால் நாலு பவுன், கல் எல்லாம் செயற்கை, கல்லுக்கு ஒன்றும் தர முடியாது என்றுவிட்டார். அடகு வைத்தபோது மாமாதான் கல்லை மாற்றிவிட்டார் என்று வாசகிக்குச் சந்தேகம். நூறு வருஷப் பொருள் என்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்றும் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். "நகை யாருடையது மேடம்? திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?" என்பது கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரியதாகப் பட்டது கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன ஒரு வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் தூக்கம் கெட்டுக் கேட்டதற்கு வருவோம்.

எழுத்து இல்லை, ரசீது இல்லை, அதனால் நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறீர்கள். தவறு. வீடு, நிலம் என்றால் பத்திரம், பதிவு என்று ஓட வேண்டும். நகை அசையும் பொருள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி அசையும் பொருளைக் கையில் கொடுத்து, வாங்குகிறவர் வாங்கிக்கொண்டாலே தானம் முடிந்தது. சம்பள பாக்கிக்கு ஈடாகக் கொடுத்தார் என்றால் அது தானம்கூட இல்லை, கடன் தீர்த்தது. அதற்கும் எழுத்து கட்டாயமில்லை. இரண்டில் எதுவானாலும் அந்தச் சாயங்காலமே நகை உங்கள் பாட்டியுடையதாகிவிட்டது. போதாததற்கு, ஒரு பொருள் யார் கையில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 110-வது பிரிவாக இருந்த விதி இது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு நல்ல நிலையில் இருந்த உங்களைச் சிக்க வைத்தது உங்களுடைய மரியாதைதான்.

அந்த ஒரு வாக்கியம்

"உங்க அம்மாவோட நகையை... பத்திரமா வெச்சிருந்தாங்க." வீட்டில் இப்படித்தான் பேசுவோம், எனக்குப் புரிகிறது. ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் இதை எப்படிப் படிப்பார் தெரியுமா? நகை அம்மாவுடையது. பாட்டி அதைப் பாதுகாத்து மட்டும் வைத்திருந்தார். அதாவது ஒப்படைப்பு. நம்பிக் கொடுத்து வைத்த பொருள், கேட்டால் திருப்பித் தர வேண்டியது. ஒரு வாக்கியத்தில் நீங்கள் சொந்தக்காரரின் பேத்தியிலிருந்து காவல்காரரின் பேத்தியாகிவிட்டீர்கள்.

"அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி யார் கேட்க முடியும்" என்று உங்கள் தம்பி தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் 70-வது இனம் என்று ஒன்று இருக்கிறது. பாதுகாக்கக் கொடுத்த அல்லது அடகு வைத்த அசையும் பொருளைத் திரும்பக் கேட்க மூன்று வருஷம் அவகாசம். அந்த மூன்று வருஷம் எப்போது ஆரம்பிக்கும்? கொடுத்த நாளிலிருந்து இல்லை, கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்து. அதனால் அவர் ‘கொடுத்து வைத்தது’ என்று வழக்குப் போட்டால், 1961 என்ற வருஷம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. காப்பாற்றப்போவது ‘அன்றைக்கு அந்த அம்மா என்ன சொல்லிக் கொடுத்தார்’ என்பதுதான்.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு மெசஞ்சர் வரியை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கில் ஜெயித்துவிட முடியாது. 1961-இல் நீங்கள் பிறக்கவே இல்லை, அந்த வரி நேரில் பார்த்ததைச் சொல்வதும் இல்லை. அதோடு உங்கள் முகநூல் பதிவில், அதற்கு இரண்டு நாள் முன்பே, சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்தார் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்த நீதிபதிக்கும் விஷயம் புரியும். அதனால் பதிவையோ உரையாடலையோ அழிக்காதீர்கள். பொதுப் பார்வையிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இனி அவருக்கு நீங்களாக ஒரு வரியும் எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி, ஒரு பக்கத்துக்கு மிகாமல், வக்கீல் மூலம் பதிலாக அனுப்புங்கள்.

பதிவை மறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறந்துபோனவரைப் பற்றி எழுதுவது, அவருடைய குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இருந்தால், அதுவும் அவதூறுதான் என்று நம் குற்றவியல் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் கிடையாது. ஆனாலும் தன் தாய் சம்பளம் கொடுக்க முடியாமல் கழுத்து நகையைக் கழற்றியதை முந்நூறு பேர் ‘லைக்’ போட்ட ஒரு பதிவில் படித்த பிள்ளையின் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அவருடைய அந்த ஒரு வரிக் கோபத்தில் நகை ஆசையைவிட இதுதான் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமாவுக்குப் பாதி உண்டா?

பாட்டி 2004-இல் இறந்தபோது நகை பாட்டியுடையதாக இருந்திருந்தால், ஆம், உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. ஆனால் 1979-லேயே பாட்டி அதை உங்கள் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தால், 2004-இல் பங்கு போட பாட்டியிடம் நகையே இல்லை. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், முழுக்க முழுக்க அவளுடையது.

மாமா என்ன சொல்வார்? "கல்யாணத்துக்குப் போட்டுவிட்டதுதான், கொடுக்கவில்லை" என்பார். நம் வீடுகளில் அதுவும் நடக்கும், மண்டபத்தில் கழுத்து நிறைய ஜொலித்து மறுவீட்டுக்குள் பாதி திரும்பிப் போய்விடும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 1992-இல் மாமா அட்டிகையை யாரிடம் போய்க் கேட்டார்? பாட்டி அப்போது உயிரோடு இருக்கிறார், அதே ஊரில் இருக்கிறார். பாட்டியிடம் கேட்காமல் அக்காவிடம் வந்து கேட்டார். மீட்டதும் அக்காவிடமே கொண்டுவந்து கொடுத்தார். அது அக்கா நகை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நான்தான் பணம் கட்டி மீட்டேன்" என்ற வாதம் நிற்காது. தன் தேவைக்கு அடகு வைத்ததைத் தானே மீட்டதால் நகையில் உரிமை வந்துவிடாது.

சரி, மாமா கதை முடிந்தது, முழுவதும் எனக்குத்தான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். "அம்மா நகை பெண்ணுக்குத்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அது வழக்கம், சட்டம் இல்லை. உங்கள் அம்மா நகையில் ஷார்ஜா தம்பிக்குச் சரிபாதி. அவர் "நீயே வெச்சுக்கோ அக்கா" என்று ஃபோனில் சொன்னது பெரிய மனசு, ஆனால் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமாக வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் கொடுத்துக்கொள்வதற்கு வருமான வரியும் கிடையாது.

கல், பெயர், விலை

கடைக்காரர் ‘செயற்கை’ என்றதும் மாமா மேல் பாய்ந்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். செயற்கைக் கெம்பு நேற்று வந்த சரக்கு இல்லை. வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அலுமினா பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிக் கெம்பு வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார், சில வருஷங்களிலேயே அது உலகம் முழுக்க மலிந்துவிட்டது. நம் ஊர் ஆசாரிகளும் தாராளமாகப் பதித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் கண்ணாடிக் கல்லுக்கு அடியில் தகடு வைத்துச் சிவப்பு ஏற்றுவதும் உண்டு. ஆக, உங்கள் அட்டிகை செய்த அன்றைக்கே செயற்கைக் கல்லோடு செய்யப்பட்டிருக்கலாம், யாரும் யாரையும் ஏமாற்றாமலே.

கடைக்காரர் பழைய நகையைப் பார்ப்பது உருக்கும் கண்ணோடு. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது. கல்லைச் சொல்ல வேண்டியது பரிசோதனைக் கூடம். வெர்னாய் முறைக் கல்லில் உள்ளே வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரியும், வட்டக் காற்றுக் குமிழ்கள் தெரியும், நுண்ணோக்கியில் வைத்தால் சொல்லிவிடுவார்கள். உங்கள் அட்டிகை பின்பக்கம் மூடி, உள்ளே அரக்கு அடைத்த வேலை என்பதால் கல்லைக் கழற்றாமல் முழுசாகச் சொல்ல முடியாது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பார்கள், பரவாயில்லை. கழற்ற மட்டும் விடாதீர்கள். பாலிஷுக்கும் கொடுக்காதீர்கள், சூடு பட்டால் அரக்கு இளகும், அப்புறம் கல்லை ஒவ்வொன்றாகத் தரையில் தேட வேண்டும்.

கல் போலி என்றால் மதிப்பே இல்லை என்றும் இல்லை. ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரப் போலி முத்துமாலை 1996-இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்தபோது 500 முதல் 700 டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 2,11,500 டாலருக்கு. கண்ணாடி மணிக்கு அந்த விலையா என்றால், விலை மணிக்கு இல்லை. குழந்தையாக இருந்த மகன் அந்த மாலையைப் பிடித்து இழுக்கும் படம் உலகத்துக்கே தெரியும், ஏலத்துக்கு அனுப்பியதும் அவர் பிள்ளைகள்தான். இது அவருடையதா என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் இருப்பது ஒரு ஸ்டில். ஸ்டில் மட்டும் போதாது. மர்லின் மன்றோ 1953-இல் ‘மூன் ஆஃப் பரோடா’ என்ற மஞ்சள் வைரத்தை அணிந்து எடுத்த படங்கள் எங்கும் கிடைக்கின்றன, ஆனால் வைரம் அவருடையது இல்லை, பட விளம்பரத்துக்காக ஒரு நகை வியாபாரி இரவல் கொடுத்தது. நம் கோடம்பாக்கத்திலும் கதாநாயகி கழுத்தில் மின்னுவது பாதிக்கு மேல் வாடகை கில்ட் என்பது உங்கள் பாட்டிக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். அதனால் ஏலக்காரர் முதல் கேள்வியாக, இது அவருடைய சொந்த நகை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றுதான் கேட்பார். அந்த அத்தாட்சியை உலகத்திலேயே மிக அழுத்தமாகத் தரக்கூடியவர் யார்? நீங்கள் சண்டைக்கு நிற்கும் அந்த மகன்தான்.

அவர் ‘இது என் தாயாரின் நகை, அவர் தன் விருப்பப்படி இன்னாருக்குக் கொடுத்தது’ என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் உரிமைத் தகராறும் தீர்ந்தது, நகைக்குப் பெயரும் வந்தது. எப்படி எழுதிக் கொடுப்பார் என்கிறீர்களா? அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு நகையைக் கையில் வாங்கிப் பார்க்கவிடுங்கள், வக்கீலை வைத்துக்கொண்டே. விற்பதானால் மதிப்பீட்டு விலைக்கு முதலில் உங்களிடம்தான் கேட்போம் என்று சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி கடமை இல்லை என்பது என் கருத்து. மனசு கேட்காமல் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், தம்பியைக் கேட்டுக்கொண்டு.

சிங்கப்பூர், அரசாங்கம், வரி

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தில் நூறு வருஷம் கடந்த பொருள்தான் தொல்பொருள். நூறு தாண்டிவிட்டாலே அரசாங்கம் வந்து பிடுங்கிக்கொண்டு போகாது, பீரோவில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. இழப்பீடு கொடுத்து எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறதுதான், நாலு பவுன் அட்டிகைக்கு அதை நினைத்து விழித்திருக்க வேண்டாம். தடை இருப்பது நாட்டை விட்டுக் கொண்டுபோவதற்கு. நடிகையின் பாட்டி காலத்து நகை என்று நீங்களே ஊருக்கெல்லாம் எழுதிவிட்டீர்கள், அப்படியென்றால் நூறைத் தாண்டியிருக்க வாய்ப்பிருக்கிறது. கழுத்தில் போட்டுக்கொண்டு ஃப்ளைட் ஏறும் யோசனையை விடுங்கள். நூறு ஆகவில்லை என்று தெரிந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்கி, முறையாக ஏற்றுமதி செய்யலாம். நூறு ஆகியிருந்தால் இங்கேயே, உரிமம் உள்ளவர் மூலம் விற்கலாம்.

வரி பற்றி ரெண்டு வரி. வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, இப்போதைய விகிதம் 12.5 சதவீதம். வாங்கிய விலை தெரியாத பழைய நகைக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். யாராவது பணமாகவே தருகிறேன் என்றால் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், அதே தொகைக்கு அபராதம் வரும்.

கடைசிப் பக்கத்து வரி

"மாமாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு, பாட்டியைக் கூட்டிவரப் போனவர் அங்கேயே நின்று பார்த்ததாக எப்பவும் பெருமை அடித்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அவரைக் கல் திருடர் என்கிறீர்கள்.

சகோதரி, அந்தச் சாயங்காலத்தை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். ‘வெச்சுக்கோ’ என்று சொன்னாரா, ‘வெச்சிரு’ என்று சொன்னாரா? உங்கள் முழு வழக்கும் இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் நிற்கிறது, அதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. அவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். நீங்கள் அவரை எதிர்த் தரப்பில் தள்ளினால், நாளை அந்த மகனின் வக்கீல் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

கல் சந்தேகத்துக்கும் அவரிடமே பதில் இருக்கலாம். மீட்ட அடகு ரசீதை அந்தக் காலத்து ஆட்கள் தூக்கிப்போடுவதில்லை, கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். அதில் ‘கெம்பு அட்டிகை 1’ என்று எழுதி எடை போட்டிருக்கும். இன்றைய எடையோடு அது ஒத்துப்போனால், கல் மாறவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. 1992-இல் நகை உங்கள் குடும்பத்தில்தான் இருந்தது என்பதற்கும் அது ஒரு சான்று.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போங்கள். பங்கைப் பற்றிப் பேச வேண்டாம், கல்லைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஆல்பத்தைப் பிரித்து வைத்து, "அன்னைக்கு அந்த அம்மா என்ன மாமா சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவர் நினைவில் இருப்பது அவர் வாயாலேயே வர வேண்டும், அது உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் சரி. அவர் சம்மதித்தால் ஃபோனில் பதிவு செய்யுங்கள். அடுத்த வாரமே அதை நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். அது மட்டுமே கோர்ட்டில் முழுச் சாட்சியம் ஆகிவிடாது, தேவைப்பட்டால் அவர் கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் கையில் அது இருக்கும்போது உங்கள் வக்கீல் எழுதும் பதில் கடிதத்தின் தோரணையே வேறு. அதுவரை அட்டிகையை உங்கள் பெயரும் தம்பி பெயரும் சேர்ந்த லாக்கரில் வையுங்கள், உள்ளே வைக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், கொக்கி மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.